கடல் இறங்கிப்போன காலை

யோகா திரைச்சீலையை விலக்கியபோது நான் கேத்திலைச் செருகிவிட்டுத் தேயிலைப் பைகளைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"மச்சாள்" என்றாள்.

குரலில் பதற்றம் இல்லை. உப்புப் போத்தல் எங்கே என்று கேட்பவள் போலத்தான் கூப்பிட்டாள். "சீனி இல்லாட்டி இல்லாமல் குடிப்பம்" என்று அவள் கேட்காத கேள்விக்கு மறுமொழி சொல்லிக்கொண்டே ஜன்னலடிக்குப் போனேன்.

கடலைக் காணவில்லை.

முதல் நாள் மத்தியானம் நாங்கள் வந்து இறங்கியபோது தண்ணீர் இறங்குதுறைப் பலகைகளுக்குச் சற்றுக் கீழே, குனிந்தால் கை நனையும் உயரத்தில் தளும்பிக்கொண்டு நின்றது. இப்போது அதே இறங்குதுறை இரண்டு மாடி உயரத்துக்குத் தன் மரக்கால்களைக் காட்டிக்கொண்டு நின்றது. கால்கள் முழுக்கக் கறுப்புப் பாசி. அதற்குக் கீழே சேறு, கல், சடை சடையாகக் கடற்செடி. ஒரு படகு சேற்றில் சரிந்து படுத்திருந்தது. தண்ணீர் எங்கோ தூரத்தில் ஒரு சாம்பல் கோடாகக் கிடந்தது.

நானும் கடலோரத்தில் பிறந்தவள்தான். ஆனால் எங்கள் ஊர்க் கடல் அரை முழம் ஏறும், அரை முழம் இறங்கும். மரியாதையான கடல். பள்ளிக்கூடத்தில் வற்றுப்பெருக்கு என்று ஒரு பாடம் படித்தேன், பரீட்சையில் எழுதிப் புள்ளியும் வாங்கினேன். அந்த ஜன்னலில் நின்றபோது அந்தச் சொல் என் மூளைக்குப் பக்கத்தால்கூடப் போகவில்லை. கடல் பின்னுக்குப் போனால் அடுத்தது என்ன வரும் என்பதுதான் எங்கள் சனத்துக்குத் தெரியும்.

இந்தக் கிழமை சிரிப்புக் குறைவு

போன கிழமை இந்தப் பத்தியில் நான் கார் ஓட்டப் பழகிய கதையை வாசித்துவிட்டு ரொறொன்ரோ ஸ்காபரோவில் இரண்டு பேர் என்னைக் கடைக்குள் மறித்துச் சிரித்தார்கள். ஒருவர் வாங்கிய முருங்கைக்காயால் என் தோளில் தட்டியும் விட்டார். இந்தக் கிழமையும் அப்படி ஒன்றைத்தான் எழுத இருந்தேன்.

ஆனால் அண்மையில் யோகாவிடம் கேட்டேன், அந்தக் காலையை எழுதட்டுமா என்று.

"எழுதுங்க மச்சாள்" என்றாள். "ஒவ்வொரு ஆளுக்கும் நான் போய்ச் சொல்ல ஏலா. நீங்க எழுதினா எல்லாருக்கும் ஒரே தரத்தில முடிஞ்சிரும்."

ஆகவே எழுதுகிறேன். வாசிக்கவேண்டிய ஆட்கள் வாசித்தால் சரி.

யோகா என் தம்பியின் மனைவி. மட்டக்களப்பு. நாங்கள் பருத்தித்துறைப் பக்கம். அவளைக் கட்டப்போகிறேன் என்று தம்பி ஊரிலிருந்து போனில் சொன்ன அன்று, இங்கே ரெக்ஸ்டேல் வீட்டில் என் அம்மா அடுப்பை நிற்பாட்டிவிட்டு நிலத்தில் குந்திவிட்டார். மட்டக்களப்புக்குப் போகிறவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தில் ஒரு கதை உண்டு. "என்ர பிள்ளையை ஒட்ட வைச்சிட்டாளவை" என்று அம்மா ஒரு கிழமை அழுதார்.

வந்து இறங்கியவளைப் பார்த்தால் மந்திரம் போடுவதை விடுங்கள், ஒரு ஈயை விரட்டக்கூடத் தெம்பில்லாத பெண். முப்பது வயது இருக்காது. பெட்டிக்குள் இரண்டு சேலையும் ஒரு சின்னப் பையனின் படமும் இருந்தன. அம்மா அந்தப் படத்தைப் பார்த்தார். பிறகு தானே போய்ச் சாமியறையில் அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அதன்பிறகு பாய்க் கதை எங்கள் வீட்டில் எழவில்லை.

படத்தில் இருந்தவன் கவின். நாலு வயது, நேசறி உடுப்பு, கழுத்தில் பெரிய ரை. யோகாவின் முதல் கணவன் போருக்குள்ளேயே போய்விட்டான். பிள்ளையைக் கடல் கொண்டுபோனது. கிறிஸ்மசுக்கு மறுநாள் காலை, உலகமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்த அந்த அலையில்.

அவர்களுடைய வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவே ஒரு மணல் கீற்றில் இருந்தது. முதலில் கணுக்கால் அளவுக்கு ஒரு தண்ணீர் வந்து முற்றத்தை நனைத்துவிட்டுப் போனதாம். பிறகு கடல் பின்வாங்கியது. விட்டுப்போன இடத்தில் மீன் துள்ளியது. ஊர்ப் பிள்ளைகள் வாளியும் சட்டியுமாக ஓடினார்கள். கவினும் ஓடினான். பின்னேரம் யோகாவை வாவிப்பக்கத்து மரம் ஒன்றிலிருந்து உயிரோடு இறக்கினார்கள்.

எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அதுவும் தம்பி சொன்னது. யோகாவின் வாயால் ஒரு சொல் வந்ததில்லை. நாங்களும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய கேள்வியா அது?

ரெயில் ஏறாதவள்

கனடாவில் யோகா தண்ணீரோடு ஒரு ஒப்பந்தம் வைத்திருந்தாள். அது அவள் கண்ணில் படக்கூடாது, அவளும் அதைத் தேடிப் போகமாட்டாள்.

ரூஜ் பகுதியில் வீடு பார்க்கும்போது வீட்டுத் தரகர் அடுக்களையைக் காட்டினார், நிலக்கீழ் அறையைக் காட்டினார். யோகா கேட்டது ஒன்றே ஒன்று: ஏரி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம்? அவர் ஏதோ நல்ல சேதி என்று நினைத்துக்கொண்டு, "பக்கத்திலதான் அக்கா, கோடையில நடந்தே போகலாம்" என்றார். அந்த வீடு அதோடு போய்விட்டது.

கொஞ்சக் காலம் ஒஷாவாவில் வேலை செய்தாள். கோ ரெயிலில் ஏறினால் சுகமாகப் போய்ச் சேரலாம். ஆனால் ரூஜ் ஹில் ஸ்ரேஷனடியில் தண்டவாளம் ஏரியோடு உரசிக்கொண்டு போகும். அதற்காகவே பனிக்குள்ளும் மழைக்குள்ளும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தாள். அது ஏரிதான், கடல் இல்லை என்று நான் ஒருமுறை சொன்னேன். "தண்ணிக்கு அது தெரியுமா மச்சாள்?" என்று கேட்டாள்.

கலியாண மண்டபத்தில் ஒரு வாய்

தாரணி யோகாவுக்கும் தம்பிக்கும் ஒரே பிள்ளை. ஸ்காபரோவில் பிறந்தவள். வாய்க்காரி. மாமியான என்னை உரித்துவைத்துப் பிறந்திருக்கிறாள் என்று சொந்தக்காரர் சொல்வார்கள், பாராட்டாக இல்லை. சாமியறையில் அண்ணாவின் படத்துக்குக் கீழே இருந்துதான் வீட்டுப்பாடம் செய்வாள். சோதனைக்குப் போகும்போது பிள்ளையாரைக் கும்பிடாவிட்டாலும் அந்தப் படத்துக்கு ஒரு கை காட்டிவிட்டுத்தான் போவாள்.

இரண்டொரு வருடத்துக்கு முன், மார்க்கம் நகரில் ஒரு கலியாணம். சாப்பாட்டு வரிசையில் தாரணிக்கு முன்னால் நின்ற ஒரு அன்ரி இன்னொரு அன்ரிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"உவ யோகா இருக்கிறாவெல்லே, பிள்ளையைக் கடலில விட்டிட்டு ஓடினவ. இல்லாட்டி வாவிக்கரை மரத்துக்கு எப்பிடி வந்தவ? திரும்பியும் பாக்கேல்லையாம்."

நரம்பில்லாத நாக்கு எப்படியும் புரளும். எனக்கு அந்த அன்ரியின் பெயர் தெரியும். எழுதமாட்டேன். ஆனால் தெரியும்.

தாரணி கோப்பையை அப்படியே வைத்துவிட்டு வெளியே போயிருக்கிறாள். வீட்டுக்கு வந்ததும் அடுக்களையில் தாயிடம் நேரே கேட்டாள்: "அண்ணாவை விட்டிட்டா அம்மா ஓடினனீங்கள்?"

யோகா திரும்பவில்லை. பைப்பைத் திறந்து, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள். தாரணி காத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் தம்பிதான் போய்ப் பைப்பைப் பூட்டினான்.

அதன்பிறகு அந்த வீட்டில் தாயும் மகளும் பேசியதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான். வருடம் முடிய, தாரணி செயின்ற் ஜோனில் படிக்கப் போகிறேன் என்றாள். நியூ பிரன்ஸ்விக் மாகாணத்துத் துறைமுகப் பட்டினம். எங்கள் சனத்துக்குக் கனடா ஒட்டாவாவோடு முடிந்துவிடும். "ரொறொன்ரோவில இல்லாத யூனிவேசிற்றியோ?" என்று கேட்காதவர்கள் இல்லை.

விமான நிலையத்துக்குக் கொண்டுபோய் விட்டவள் நான். 401 நெடுஞ்சாலை நெரிசலில் நின்றபோது காருக்குள் சொன்னாள்:

"மாமி, ஆன்ஸர் இல்லையெண்டா அது ஓம் எண்டுதானே? அப்ப என்னையும் விட்டிட்டுத்தான் ஓடுவா. எனக்கு அந்த வீட்டில மூச்சு விடேலாது."

"வாயைப் பொத்தடி" என்றேன். உண்மையில் என்ன நடந்தது என்று நான் மட்டும் கண்டேனா?

கிறிஸ்மசுக்கு அவள் வரவில்லை. கோடை விடுமுறைக்கும் அங்கேயே வேலை எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தகப்பனோடு கதைப்பாள். தாயிடம் "சாப்பிட்டீங்களோ" என்பதோடு சரி. யோகா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு "ஓம் புள்ள, நீ?" என்பாள். அதற்குள் அந்தப் பக்கம் வைத்துவிடும். இப்படியே போனால் இந்தப் பிள்ளை இனி வீட்டுக்கு வராது என்று எனக்கு விளங்கிவிட்டது. தம்பிக்கு லீவு இல்லை. பிள்ளை வராவிட்டால் தாய் போகட்டும் என்று நானே ரிக்கெற் போட்டேன்.

கடற்கரைப் பட்டினம் என்று யோகாவிடம் மறைக்கவில்லை. அவள் கேட்டாள்: "அங்க மேடு இரிக்கா?"

ஏற்றமுள்ள ஊர்

மேடு இருந்தது. மேட்டைத் தவிர அங்கே வேறொன்றும் இல்லை என்றே சொல்லலாம். துறைமுகத்தடியிலிருந்து தெருக்கள் நெஞ்சு முட்ட ஏறின. பழைய செங்கல் கட்டடங்கள் ஒன்றின் தலைக்கு மேல் ஒன்றாக நின்றன. நகரத்தின் நடுப்பகுதியை டவுன்ரவுன் என்று சொன்னதற்குத் தாரணி என்னைத் திருத்தினாள். "இஞ்ச அதை அப்ரவுன் எண்டுதான் சொல்லுவினம் மாமி." ஏறிப் பார்த்தபோது அது நியாயமாகவே பட்டது. என் முழங்கால் இரண்டும் அதற்குச் சாட்சி.

அவள் எங்களுக்கு எடுத்துவைத்திருந்த அறை துறைமுகக் கரையில், தண்ணீரைப் பார்த்தபடி இருந்தது. மூன்று நாளைக்கு அவளும் எங்களோடு தங்குவதாக ஏற்பாடு.

"ஏனடி இவ்வளவு கிட்ட எடுத்தனீ?" என்று காதுக்குள் கேட்டேன்.

"வேற ஒண்டும் கிடைக்கேல்லை மாமி. குறூஸ் ஷிப் சீசன்."

சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. தாய் என்ன செய்வாள் என்று பார்க்கத்தான் எடுத்தாள் என்று அப்போதே எனக்குப் பட்டது.

யோகா வாசலில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தாள். வாசலுக்கு இடப்பக்கம் ஏற்றம், வலப்பக்கம் கடலுக்கு இறக்கம். "நல்ல ஊர் மச்சாள். வாசல்லயே ஏத்தம்" என்றாள். செருப்பை வெளியே பார்த்தபடி கழற்றி வைத்தாள். உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினாள். மூடியிராவிட்டாலும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஒரு மணித்தியாலத்துக்குள் கடலிலிருந்து மூடுபனி ஏறி ஊரையே அழித்துவிட்டது. வெள்ளைக்குள் எங்கோ ஒரு ஊதுகுழல் மாடு கத்துவதுபோல அடிக்கடி கத்தியது.

நாங்கள் ரொறொன்ரோவிலிருந்து வெறுங்கையோடு போகவில்லை. மிளகாய்த்தூள் பையை விமான நிலையத்தில் ஒரு அதிகாரி திறந்து மணந்துபார்த்துத் தும்மி, "போங்கள்" என்று கையைக் காட்டினார். இரவுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும். தாரணி குனிந்த தலை நிமிராமல் மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டாள்.

"சொதி நல்லாருக்கு அம்மா" என்றாள்.

யோகாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இன்னும் ஏதும் சொல்லுவாளா என்று அகப்பையோடு நின்றாள். தாரணி கை கழுவ எழுந்துவிட்டாள்.

"விடிய எனக்கு வேலை. நீங்கள் எழும்ப முதல் போயிடுவன்."

"என்ன வேலை புள்ள?"

"லாப் மாதிரித்தான்" என்றாள்.

சிவப்பு ஜக்கெற்

இனி அந்த ஜன்னலுக்கு வருகிறேன்.

பனி விலகி வெயில் அடித்தது. கடல் போய்விட்டிருந்தது. யோகா கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். நான் செய்ததையும் எழுதிவிடுகிறேன், சிரித்தால் சிரியுங்கள். என் ஹாண்ட்பாக்கை எடுத்துத் தோளில் மாட்டினேன். பாஸ்போட், இன்சூரன்ஸ் மட்டை, நகை, எல்லாம் அதற்குள். ஷெல்லுக்கும் விமானத்துக்கும் ஓடிப் பழகிய உடம்பு. மூளை யோசிக்க முன்னம் கை பையை எடுத்துவிடும்.

"யோகா, வாரும், மேல ஓடுவம்" என்றேன்.

அவள் அசையவில்லை. அவள் பார்த்த திசையில் அப்போதுதான் நானும் பார்த்தேன்.

வெறுமையான கடல் நிலத்தில், கரையிலிருந்து வெகுதூரம் உள்ளே, மூன்று பேர் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி சிவப்பு ஜக்கெற் போட்டிருந்தாள். முதல் நாள் விமான நிலையத்துக்கு எங்களைக் கூப்பிட வந்தபோது தாரணி போட்டிருந்த ஜக்கெற். கையில் வாளி.

யோகாவின் தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அதை என்னால் எழுத்தில் கொண்டுவர முடியாது. திரும்பிப் பார்க்கும்போது அறைக் கதவு ஆடிக்கொண்டிருந்தது. அவள் படியில் இறங்கும் சத்தம் கேட்டது.

நானும் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினேன். வாசலுக்கு வந்து இடப்பக்கம், ஏற்றத்தைப் பார்த்தேன். அவள் அங்கேதான் ஓடியிருப்பாள் என்று நினைத்தேன். வேறு எப்படி நினைப்பேன்? ஏரியைக் காணக்கூடாதென்று பனிக்குள் இரண்டு பஸ் மாறினவள்.

ஏற்றத்தில் கோப்பிக் கோப்பையோடு ஒரு ஆள் நடந்து போனார். வேறு யாரும் இல்லை.

யோகா வலப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தாள். நைற்றியோடு, வெறுங்காலோடு, தலைமயிர் அவிழ்ந்து, கடலைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தாள்.

"யோகா! மேல! மேல வாரும்!" என்று கத்தினேன். நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்த கிழவர் நின்று என்னைப் பார்த்தார். அலை வரப்போகிறது என்று நான் நூற்றுக்கு நூறு நம்பினேன். என் கால்கள் ஏற்றத்துக்கே திரும்பி நின்றன. அவள் பின்னால் நாலு அடி வைத்தேன், ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். அங்கிருந்துதான் மிச்சத்தைப் பார்த்தேன்.

கரையில் படகு இறக்கும் கல்சரிவு ஒன்று இருந்தது. பாசி வழுக்கி அதில் விழுந்தாள். எழுந்தாள். இன்னொரு தரம் விழுந்தாள். சேறு முழங்கால்வரை வாங்கியது. காலைப் பிடுங்கிப் பிடுங்கி ஓடினாள். ஓடிக்கொண்டே கூப்பிட்டாள். காலை அமைதியில் அவள் குரல் எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"கவின்! கவின்!"

சிவப்பு ஜக்கெற் நிமிர்ந்தது. வாளி கையிலிருந்து விழுந்தது.

யோகா போய் அவளை இடுப்போடு அள்ளினாள். தன்னைவிட ஒரு சாண் உயர்ந்த, பத்தொன்பது வயதுப் பிள்ளையை நாலு வயதுக் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. இரண்டு பேரும் சேற்றுக்குள் விழுந்தார்கள். பிறகு மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். தாரணியின் ஒரு பூட்ஸ் சேற்றோடு போய்விட்டது.

"அம்மா, இது லோ ரைட், வற்று! அம்மா, ஸ்ரொப்! கை நோகுது, விடுங்கோ!"

யோகாவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. கல்சரிவில் ஏறினாள், தெருவில் ஏறினாள், விளக்குக் கம்பத்தோடு நின்ற என்னையும் தாண்டினாள். அவள் முகத்தைப் பார்த்தபிறகு நானும் பின்னால் ஏறினேன். தாரணியும் பார்த்திருக்கவேண்டும். திமிறிக்கொண்டு வந்தவள் சட்டென்று திமிறுவதை விட்டாள்.

"சரி அம்மா" என்றாள். "மேல போவம். வாங்கோ, மேல போவம்."

மேலே

தெரு முடியும் உச்சியில் மரங்கள் நின்ற ஒரு சதுக்கம். அங்கே போய்த்தான் யோகா நின்றாள். வாங்குப் பலகையில் இருக்கவைத்தோம். நைற்றி இடுப்புவரை சேறு. வலது பாதத்தைச் சிப்பி வெட்டி இரத்தம் வடிந்தது. அவள் கடல் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்தேன். அது வற்றுத்தான் என்று தெரிந்துகொண்டே நானும் பார்த்தேன்.

அலை வரவில்லை. எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கி வேலைக்குப் போனார்கள்.

தாரணி தன் ஜக்கெற்றைக் கழற்றித் தாயின் தோளில் போட்டாள். ஒரு கையாலேதான் போட்டாள், மற்றக் கை தாயின் பிடிக்குள் இருந்தது.

"அம்மா, இஞ்ச கடல் இப்பிடித்தான். ஒவ்வொரு நாளும் ரெண்டு தரம் போகும், ரெண்டு தரம் வரும். போற நேரம் பாத்து நாங்கள் இறங்கி நத்தை, பாசி எல்லாம் எடுப்பம். அதுதான் என்ர வேலை. உங்களிட்டச் சொல்லப் பயத்தில லாப் எண்டு சொன்னனான்."

"ஒவ்வொரு நாளுமா?"

"ஓம்."

"போய்ட்டு?"

"மெள்ள வரும் அம்மா. ஆறு மணித்தியாலம் எடுக்கும். நடந்து வாற மாதிரித்தான் வரும்."

யோகா அதை நம்ப நெடுநேரம் எடுத்தது. "மெள்ள வாற கடலும் இரிக்கா" என்று யாரிடமோ கேட்பதுபோலச் சொன்னாள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. அதுவரைக்கும் வரவில்லை.

தாரணி தாய்க்கு முன்னால், நிலத்தில், ஒரு பூட்ஸோடு குந்தினாள். அவள் கேட்கப்போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. தடுக்கவேண்டும்போல இருந்தது. தடுக்கவில்லை.

"அம்மா, சுனாமி வருது எண்டுதானே நினைச்சனீங்கள்?"

"ஓம்."

"மேல ஓடுற ரோட் வாசலிலயே இருந்தது. நேற்று நீங்கள்தான் பாத்துச் சொன்னீங்கள். பிறகு ஏன் கீழ வந்தனீங்கள்?"

யோகா அவளை விளங்காமல் பார்த்தாள். இது ஒரு கேள்வியா என்பதுபோலப் பார்த்தாள்.

"நீ அங்கதானே புள்ள நிண்டாய்."

தாரணியின் வாய் கோணியது. யோகா தன் சேற்றுக் காலைப் பார்த்துக்கொண்டு, மெல்ல, இடைவெளி விட்டு விட்டுச் சொன்னாள்.

"அவன்ட பக்கமுந்தான் மகள் ஓடினனான். எல்லாரும் வாவிப்பக்கம் ஓடுறாங்க. நான் அவங்களுக்கு எதிரா ஓடுறன். அந்த மரத்துக்கு நான் ஓடிப் போகல்ல. தண்ணிதான் என்னக் கொண்டுபோய் அங்க வச்சது."

"பிறகு ஏன் அம்மா நான் கேக்கேக்க சொல்லேல்லை? ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"ஓடினன் எண்டு சொன்னா, மிச்சத்தையும் சொல்ல வேணுமே."

காற்று அடித்தது. மரங்களுக்குக் கீழே புறாக்கள் எதையோ கொத்திக்கொண்டிருந்தன. மிச்சம் என்ன என்று நாங்கள் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

"அவன்ட கையப் பிடிச்சிட்டன் மகள். பிடிச்சிட்டன்."

இருபது வருடமாக இந்தப் பெண் எங்களுக்குச் சமைத்துப் போட்டிருக்கிறாள், அம்மாவின் கடைசிக் காலத்தில் உடம்பு துடைத்துவிட்டிருக்கிறாள். பிள்ளையை விட்டு ஓடினவள் என்று சனம் பேசியதை இவள் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, பிடித்த கை நழுவியதைச் சொல்வதைவிட அதுவே பரவாயில்லை என்று இருந்திருக்கிறாள்.

யோகா குனிந்து தன் கையைப் பார்த்தாள். சேற்றிலிருந்து பிடித்த மணிக்கட்டை அவள் இன்னும் விடவில்லை. தாரணியின் தோலில் விரல்கள் பதிந்து சிவந்து கிடந்தன. "ஐயோ, நோகுதா புள்ள" என்று பதறிப் பிடியைத் தளர்த்தினாள்.

தாரணி தன் மற்றக் கையால் தாயின் விரல்களை மறுபடி மூடி இறுக்கினாள்.

"விடாதேங்கோ அம்மா" என்றாள்.